உறக்கத்தின் ஏவுதற் கருத்தா

தமிழில் தூக்கம் வருகிறது, பிடிக்கிறது, கலைகிறது, கெடுகிறது, சில இரவுகளில் வர மறுக்கிறது. இவ்வாக்கியங்களில் எழுவாயாக நிற்பது தூக்கம். தூங்குபவரோ 'எனக்கு', 'அவளுக்கு' என்று நான்காம் வேற்றுமை ஏற்று ஓரமாக நிற்கிறார். பசியும் காய்ச்சலும் விருந்தாளியும் வருவதைப் போலவே தூக்கமும் எங்கிருந்தோ வந்து நம்மை ஆட்கொள்வதாகப் பேச்சுவழக்கு நெடுங்காலமாகக் கருதி வந்திருக்கிறது.

இலக்கிய வழக்கு வேறொரு சித்திரத்தையும் தருகிறது. துஞ்சுதல் என்னும் சொல் உறங்குதலையும் இறத்தலையும் ஒருங்கே குறிக்கும். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்று புறநானூற்றின் அடிக்குறிப்புகள் மன்னரைச் சுட்டும்போது அச்சொல் அவர்கள் இறந்த இடத்தையே சொல்கிறது. இப்பார்வையில் உறக்கம் விளக்கு அணைவது போன்றது. விழிப்பின் இன்மையே உறக்கம். அறநூல்களும் உறக்கத்திடம் கருணை காட்டவில்லை. கெடுவோர் விரும்புவன என்று நான்கினை எண்ணும் குறளின் மடியின்மை அதிகாரம் துயிலையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. ஆத்திசூடியும் காலைத் துயிலைக் கடிகிறது. வகுப்பில் தலை சாய்க்கும் மாணவனைப் பார்த்ததும் நம் நாவில் முதலில் எழும் சொல் 'சோம்பேறி' என்பதாக இருப்பதற்கு இம்மரபும் ஒரு காரணம்.

உறக்கம் வரும் ஒன்றா, அல்லது விழிப்பு போனபின் எஞ்சும் வெறுமையா? இக்கேள்வி மூளையை ஆராய்வோருக்கும் இருந்தது. கடந்த இருபது ஆண்டுகளில் அவர்கள் ஒளியைக் கருவியாகக் கொண்டு இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். தமிழ் இலக்கணம் கற்பிக்கும் எங்களுக்கு அந்த ஆய்வுகளைப் புரிந்துகொள்ள உதவியது, வியப்பாக, மூன்றாம் வேற்றுமைப் பாடம்தான்.

கருத்தாப் பொருளை விளக்கும்போது ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என்று இரு வகையினைச் சொல்கிறோம். எங்கள் ஊரையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். தாராசுரத்து ஐராவதேசுவரர் கோயில் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசனால் கட்டப்பட்டது. அரசன் உளியைத் தொட்டிருக்கமாட்டான். ஆயினும் வாக்கியம் பிழையன்று, அவன் ஏவியவன். சிற்பியரால் கட்டப்பட்டது என்றாலும் பிழையன்று, அவர்கள் இயற்றியவர்கள். இனி, கோயில் எழுந்த காலமெல்லாம் அருகில் நின்று வேடிக்கை பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் உடனிருந்தார்கள் என்பதற்காகக் கட்டியவர்கள் ஆகமாட்டார்கள். ஓர் உயிர் உறங்கும்போது அதன் மூளையில் சில நரம்பணுக்கள் சுறுசுறுப்பாக இயங்குகின்றன. அவற்றுள் ஏவியது எது, இயற்றியது எது, வெறுமனே உடனிருந்தது எது? உறக்க ஆய்வின் நெடுநாள் இடர்ப்பாடு இதுவே.

ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைத் தாளில் பதிந்து 1929இல் வெளியிட்டார். அதன்பின் உறங்குவோரின் அலைகள் விழித்திருப்போரின் அலைகளிலிருந்து வேறுபடுவதைக் கண்ணால் காண முடிந்தது. எனினும் அலைகள் உறக்கத்தின் அடையாளங்களே. காரணத்தை அவை சொல்லா. கண்ணும் காதும் செய்தி அனுப்புவது குறைந்தால் மூளை தானே அடங்கிவிடுகிறது என்று பலர் அப்போது நம்பினர். விளக்கு அணைதல் என்ற நம் பழைய உவமையின் அறிவியல் வடிவம் அது.

அதற்கு மாறான சான்று அதற்கும் முன்பே வியன்னாவில் கிடைத்திருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஒரு விசித்திரமான மூளைக்காய்ச்சல் பரவியது. நோயாளிகளுள் பலர் ஓயாமல் உறங்கினார்கள். சிலர் உறங்கவே இயலாமல் தவித்தார்கள். இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்த கான்ஸ்டன்டின் ஃபான் எகோனோமோ, இருசாராரிடமும் சேதம் வெவ்வேறிடத்தில் இருப்பதைக் கண்டார். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியின் பின்புறத்தில் சேதமுற்றவர்கள் உறங்கிக்கொண்டே இருந்தனர். முன்புறத்தில் சேதமுற்றவர்கள் உறக்கத்தை இழந்தனர். அப்படியாயின் விழிக்கவைப்பதற்கு ஓரிடம் உண்டு, உறங்கவைப்பதற்கும் ஓரிடம் உண்டு. விளக்கு தானே அணைவதில்லை, அணைக்கும் கை ஒன்று இருக்கிறது.

எங்கள் கோயிலுக்கு வருவோர் தேடிச் சென்று பார்க்கும் சிற்பங்களுள் ஒன்று ரிஷப குஞ்சரம். தலை ஒன்று, உடல்கள் இரண்டு. ஒருபுறத்து உடலைக் கையால் மறைத்தால் அத்தலை காளையினுடையது. மறுபுறத்தை மறைத்தால் யானையினுடையது. இரண்டையும் ஒரே நொடியில் காணக் கண் இசைவதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கிளிஃபோர்டு சேப்பரும் அவருடைய தோழர்களும் 2001இல் முன்வைத்த விளக்கம் ஏறக்குறைய இச்சிற்பத்தைப் போன்றது. விழிப்புக்குரிய அணுக்களும் உறக்கத்துக்குரிய அணுக்களும் ஒன்றையொன்று அடக்குகின்றன. ஒன்று ஓங்கும்போது மற்றது ஒடுங்குவதால் பாதி விழிப்பும் பாதி உறக்கமுமான நிலையில் உயிர் நெடுநேரம் தங்குவதில்லை. மின்சுவிட்சைப் போலச் சட்டென ஒரு பக்கம் சாய்கிறது. 1998இல் கண்டறியப்பட்ட ஓரெக்சின் என்னும் மூளைப்பொருள் இந்தச் சுவிட்சு அடிக்கடி புரண்டுவிடாதபடி விழிப்பின் பக்கம் தாங்கிப் பிடிக்கிறது. அதனைச் சுரக்கும் அணுக்களை இழந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே உறங்கிவிடும் நார்கோலெப்சி நோய்க்கு ஆளாகிறார்கள்.

விளக்கம் அழகாகத்தான் இருந்தது. மெய்ப்பிப்பது எளிதாக இல்லை. மின்முனையைச் செருகி ஓரிடத்தைத் தூண்டினால் அங்குள்ள எல்லா வகை அணுக்களும் தூண்டப்படும். டெல்டாவில் பிறந்தோருக்கு இது எளிதில் விளங்கும். ஆற்று மதகைத் திறந்தால் கண்ட வயலுக்கெல்லாம் நீர் பாயும். ஒரு பாத்திக்கு மட்டும் விட வேண்டுமானால் அதற்கென்று ஒரு மடை வேண்டும். இரட்டைச் சுருள் மரபணுவின் வடிவத்தைக் கண்டவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், மற்றவற்றைத் தொடாமல் ஒருவகை நரம்பணுவை மட்டும் இயக்க வழி வேண்டும் என்று 1979இலேயே எழுதினார். அவ்வழி ஒளியாக இருக்கலாம் என்பதையும் பின்னர் 1999இல் அவரே சொன்னார். அது எட்டாத கனவு போலத் தோன்றலாம் என்ற தயக்கத்தோடுதான்.

ஒளியைக் கொண்டு உயிரின் இரவு பகலை வினவும் முயற்சி தமிழ்நாட்டில் அதற்கு முன்பே நடந்திருக்கிறது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவர் மாணவர்களும் உயிர்க்கடிகாரத்தை ஆராய்ந்தனர். மதுரைக்கு அருகிலுள்ள குகைகளில் வாழும் இலைமூக்கு வௌவால்கள் அவர்களுடைய ஆய்வுப்பொருள். வெளியொளி எட்டாத குகையின் இருளில் அடைத்துவைக்கப்பட்ட வௌவால்கூட, சுற்றியுள்ள சுதந்திரமான வௌவால்கள் மாலையில் புறப்பட்டு விடியலில் திரும்பும் நடமாட்டத்தைக் கொண்டே தன் பொழுதைச் சரிசெய்துகொள்கிறது என்று ஜி. மாரிமுத்துவும் பிறரும் 1981இல் காட்டினர். சுற்றம் இல்லாத குகையில் அடைத்தால் அதன் பொழுது நாளடைவில் விலகிப் போயிற்று. 1984இல் டி. ஜோஷியும் சந்திரசேகரனும் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. ஒரு நொடியை 2000 கூறாக்கி அதில் ஒரு கூறு நேரம் மட்டுமே நீடிக்கும் ஒளித்தெறிப்பு வௌவாலின் உயிர்க்கடிகாரத்தை முன்னும் பின்னும் நகர்த்தப் போதுமானதாக இருந்தது. கடிகாரமும் கதிரவனும் தெரியாத தனியறைகளில் மனிதர்களைத் தங்கவைத்து, அவர்கள் எப்போது உறங்கி எப்போது எழுகிறார்கள் என்று பதிந்த ஆய்வுகளும் அங்கே நிகழ்ந்தன.

மதுரை ஆய்வுகளில் ஒளி கண்ணின் வழியே உள்ளே சென்றது. ஊர்க்கோயில் மணி போல அது உடல் முழுமைக்கும் பொழுதைச் சொன்னது. உள்ளேயிருக்கும் கோடிக்கணக்கான அணுக்களில் எது அம்மணியைக் கேட்டு எதற்குக் கட்டளையிட்டது என்பதை அறிய, ஒளியை மூளைக்குள்ளேயே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. நரம்பணு ஒளியை உணராது என்பதுதான் அதிலுள்ள தடை.

அத்தடையை நீக்கியது ஒரு பாசி. கிளாமிடோமோனாஸ் என்னும் ஓரணுப் பச்சைப்பாசி ஈரமண்ணிலும் குளத்துநீரிலும் வாழ்வது. அதன் இனத்தவை உலகெங்கும் உண்டு, நம் நன்செய்களில் தேங்கும் நீரிலும் உண்டு. அதற்கு மூளையில்லை. ஆயினும் ஒளியிருக்கும் திசையறிந்து நீந்தும். அதன் உடற்சவ்வில் உள்ள ஒரு புரதம், நீலவொளி பட்டதும் திறந்துகொள்ளும் சிறு வாயிலாகச் செயற்படுகிறது; வாயில் திறந்ததும் மின்னேற்றமுள்ள துகள்கள் உள்ளே பாய்கின்றன. ஜெர்மனியில் பீட்டர் ஹெகமன், கியோர்க் நாகல், எர்ன்ஸ்ட் பாம்பெர்க் ஆகியோர் 2002, 2003ஆம் ஆண்டுகளில் இதனை விளக்கி, சேனல்ரோடாப்சின் என்று பெயரிட்டனர். நரம்பணு இயங்குவதும் இத்தகைய துகள்களின் பாய்ச்சலால்தான். எனவே பாசியின் மரபணுவை நரம்பணுவில் வைத்தால், அதுவும் ஒளிக்கு இணங்கும் அல்லவா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்டு பாய்டன், கார்ல் டைசராத் முதலியோர் ஜெர்மானிய ஆய்வாளரோடு சேர்ந்து 2005இல் அதனைச் செய்துகாட்டினர். ஒளிமரபியல் என்று இன்று தமிழில் நாம் சொல்லும் துறை இவ்வாறு வளர்ந்தது.

செய்முறை இதுதான். தீங்கு நீக்கப்பட்ட வைரஸ் ஒன்றில் பாசியின் மரபணுவை ஏற்றி, எலியின் மூளையில் குறித்த இடத்தில் செலுத்துகிறார்கள். குறித்த வகை அணுவில் மட்டுமே வேலைசெய்யும்படி அம்மரபணுவுக்கு ஒரு முத்திரையும் இட்டிருப்பார்கள். சில வாரங்களில் அந்த அணுக்கள் மட்டும் ஒளியுணர்வு பெறுகின்றன. தலைமயிரைவிடச் சற்றே பருத்த கண்ணாடி இழை வழியே நீலவொளி அனுப்பினால் அவை இயங்கும். அருகிலுள்ள மற்றவை பேசாதிருக்கும். உப்புநீரில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து பெற்ற இன்னொரு புரதத்தை வைத்தால், மஞ்சளொளி பட்டதும் அணுக்கள் அடங்கும். பாத்திக்கென்று தனி மடை கிடைத்துவிட்டது. திறக்கவும் அடைக்கவும் முடிகிறது.

2007இல் அந்துவான் அதமாந்திதிஸ், லூயிஸ் தெ லெசெயா முதலியோர் உறங்கும் எலிகளின் ஓரெக்சின் அணுக்களுக்கு ஒளியூட்டினர். எலிகள் வழக்கத்தைவிட விரைவாக விழித்தன. நொடிக்கு ஒருமுறை ஒளி மினுங்கினால் பயனில்லை. நொடிக்கு ஐந்துமுறைக்கு மேல் மினுங்கினால் விழிப்பு வந்தது. 2011இல் ஜப்பானியர் அதே அணுக்களை ஒளியால் அடக்கினர். எலிகள் ஆழ்ந்த உறக்கத்தில் வீழ்ந்தன. 2013இல் பிரியதம் சிரோமணியின் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில், ஹைப்போதலாமஸின் வேறுவகை அணுக்களை ஒளியால் தூண்டியபோது எலிகளின் உறக்கம் மிகுந்தது. தூண்டினால் உறங்கவைக்கும் அணுக்கள் உண்டு என்றால், உறக்கத்தை இனி வெறும் இன்மை எனல் இயலாது. மூளை செய்கின்ற ஒரு வினை அது. தூக்கம் 'வருகிறது' என்று சொன்ன பேச்சுவழக்கு, அறநூல்களைவிட உண்மைக்கு அண்மையில் இருந்திருக்கிறது.

இவ்வாய்வுகளுள் எங்களை நெடுநாள் விடாதிருப்பது, அதே ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஆஸ்யா ரோல்ஸ் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஒன்று. அதனைச் சொல்லுமுன் எங்கள் வீட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

அம்மா பக்கவாதத்தால் படுக்கையில் கிடந்த இரண்டு ஆண்டுகள், வீட்டில் நாங்கள் இருவரும் இரவுகளைப் பங்கிட்டுக்கொண்டோம். புண் வந்துவிடாதபடி இரண்டு மணிக்கொருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இடையிடையே தண்ணீர் கேட்பார். ஊரில் இல்லாத அண்ணனைக் கூப்பிடுவார். விளக்கைப் போடச் சொல்வார். முறை யாருடையதாயினும் இருவரும் விழித்துக்கொள்வதே வழக்கமாயிற்று. காலையில் கணக்குப் பார்த்தால் ஆறரை, ஏழு மணி நேரம் உறங்கியிருப்போம். எனினும் மாலையில் ஆயத்தம் செய்த பாடம் மறுநாள் வகுப்பில் கையிலிருந்து நழுவும். பத்தாண்டுகளாக நடத்திய செய்யுளில் அடுத்த சீர் நினைவுக்கு வராமல் கரும்பலகையின் முன் நிற்க நேர்ந்தது. மருத்துவர் ஒருவரிடம் சொன்னபோது எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள் என்று கேட்டார். ஏழு என்றதும், போதுமே என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதினார்.

ரோல்ஸின் எலிகளுக்கும் மொத்த உறக்கம் குறையவில்லை. அவை ஒன்றைக் கற்றபின், உறங்கும் வேளையில் ஓரெக்சின் அணுக்களுக்கு நிமிடத்துக்கொருமுறை சில நொடிகள் ஒளியூட்டினார்கள். எலி கணநேரம் விழிக்கும், மீண்டும் உறங்கிவிடும். கூட்டிப் பார்த்தால் உறங்கிய நேரம் ஏறக்குறைய அதுவே. ஆனால் மறுநாள், முன்பு பார்த்த பொருளையும் புதிய பொருளையும் அவற்றால் பிரித்தறிய முடியவில்லை. ஒளியின்றி வேறுவழியில் எலியை எழுப்பியிருந்தால், எழுப்பிய அதிர்ச்சியே மறதிக்குக் காரணம் என்று யாரேனும் வாதிடலாம். தொடாமல், மிரட்டாமல், விழிப்பின் மடையை மட்டும் திறந்து மூடியதால் அவ்வாதத்துக்கு இடம் குறைந்தது. கற்றது நிலைக்க உறக்கத்தின் அளவு மட்டும் போதாது. அறுபடாத நீளமும் வேண்டும்.

தாராசுரத்தில் இதனை விளக்கப் பட்டுத்தறியே போதும். ஒரு புடவைக்குரிய பட்டிழையைச் சாண் சாணாக நறுக்கித் தராசில் வைத்தால் எடை குறையாது. அதைக்கொண்டு பாவு ஓட்டத்தான் முடியாது. அம்மாவின் கட்டிலருகே நாங்கள் உறங்கிய ஏழு மணி நேரம் அத்தகைய ஏழு மணி நேரம்தான். அம்மா மறைந்து இத்தனை ஆண்டுகள் கழிந்தபின் இந்த ஆய்வைப் படித்தபோது, அந்நாட்களின் மறதிக்கு வயதையும் கவலையையும் மட்டுமே காரணமாகச் சொல்லிவந்த மனம் சற்று ஆறியது.

எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். எலி பகலில் மிகுதியாக உறங்குவது. அதுவும் துண்டு துண்டாகவே உறங்குவது. அதன் நிமிடங்களை நம் மணிகளாக மாற்றிக் கணக்கிட இயலாது. ஒரே அணுக்களும் ஒளியின் வேகத்துக்கேற்ப வேறுபடக் கூடும். 2018இல் சேப்பரின் குழுவினர் உறங்கவைக்கும் அணுக்களை மெதுவாகத் தூண்டியபோது உறக்கமும், விரைவாகத் தூண்டியபோது விழிப்பும் வந்தன. ஏவுதற் கருத்தா ஒருவரே என்றும் சொல்வதற்கில்லை; ஓரெக்சினைத் தவிர விழிக்கவைப்பவை பல உள்ளன. மண்டையைத் திறந்து வைரஸ் செலுத்தும் இம்முறை தூக்கமின்மைக்கு மருந்தாக மனிதரிடம் வந்துவிடவுமில்லை. மனிதரில் ஒளிமரபியல் பயன்பட்டதாகக் கண்டது கண்ணில்தான்: நெடுநாள் பார்வையிழந்த ஒருவர் ஓரளவு பொருள்களை அறிய முடிந்ததை 2021இல் வெளியிட்டார்கள். ஆயினும், ஒலியெழுப்பி அடிக்கடி எழுப்பப்பட்ட மனிதர்களின் கவனமும் மறுநாள் குலைகிறது என்பதைப் பழைய ஆய்வுகளே காட்டியுள்ளன. திசை ஒன்றுதான்.

இவ்வளவையும் எழுத நேர்ந்தது ஒரு துறைக்கூட்டத்தால். முதல் மணி வகுப்பில் உறங்கும் மாணவரின் அகமதிப்பெண்ணைக் குறைக்கலாம் என்று அங்கே ஒரு கருத்து வந்தது. வகுப்பில் அமர்ந்திருப்போர் யாவர் என்று நாங்கள் எண்ணிப் பார்த்தோம். முகூர்த்த மாதங்களில் தறிக்குழியில் இரவு பதினொன்றுவரை தாய்க்குத் துணையிருக்கும் பெண்கள் சிலர். கும்பகோணத்து உணவகங்களில் மேசை துடைத்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் பையன்கள் சிலர். மோட்டாருக்கு மின்சாரம் வரும் நேரம் பார்த்து நடுநிசியில் வயலுக்குச் செல்லும் அப்பாவுக்கு டார்ச்சு பிடிப்பவன் ஒருவன். தம்பி தங்கையரோடு ஒரே அறையில், தொலைக்காட்சி ஓய்ந்தபின் படுப்பவர்கள் பலர். கைப்பேசியில் இரவைக் கழிப்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. இவர்கள் எல்லோரையும் ஒரே சொல்லால் அழைத்து ஒரே மதிப்பெண்ணைக் குறைப்பது எளிது.

கூட்டத்தில் நாங்கள் முன்வைத்த மாற்றுக் கருத்து சிறியது. முதல் மணியில் புதிய பாடம் வேண்டாம். வாசித்தலும் உரையாடலும் இருக்கட்டும். உறங்கும் மாணவரிடம், எத்தனை மணிக்குப் படுத்தாய் என்பதோடு நிறுத்தாமல், இடையில் எத்தனைமுறை எழுந்தாய், யார் எழுப்பினார் என்றும் கேட்போம். மதிப்பெண் குறைப்பு இப்பருவத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த பருவத்தில் மீண்டும் வரும். அதற்குள் பிள்ளைகளின் விடைகள் எங்கள் கையில் இருக்க வேண்டும். தன்வினையாக எழுதப்படும் வாக்கியங்களுக்குப் பின்னே பிறவினை ஒளிந்திருக்கலாம் என்பதை இலக்கணம் கற்பிக்கும் நாமாவது மறக்கலாகாது. மாணவன் உறங்கினான் என்று வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் குறிக்குமுன், அவனை இரவெல்லாம் விழிக்கவைத்த ஏவுதற் கருத்தா யார் என்று கேட்டாக வேண்டும்.